பொது விளையாட்டு மைதானத்தின் நுழைவழி, வாகனத் தரிப்பிடம், நடைபாதை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

இந்த வழிகாட்டி, தங்கள் ஊர் மைதானத்தைச் சீர்செய்ய முன்வரும் விளையாட்டுக் கழகங்கள், சனசமூக நிலையங்கள், உள்ளூராட்சி உறுப்பினர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. திருகோணமலை நகரிலும் அதன் வடக்கேயுள்ள கரையோரக் கிராமங்களிலும் இத்தகைய வேலைகளில் ஈடுபட்டபோது, புதிதாகத் தொடங்குபவர்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். நிதி வந்ததும் கல் பதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்த மாரியில் தண்ணீர் தேங்குகிறது, வடிகான் வெட்டுவதற்காகப் பதித்த கல்லைக் கிளப்புகிறார்கள், அதன் பிறகு வாகனம் நிறுத்த இடமில்லை என்பதால் அந்தக் கல்லின் மேலேயே வாகனங்கள் ஏறுகின்றன. கல் பதிப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டங்களில் ஒன்று. அதற்கு முன் செய்ய வேண்டியவை பின்வருமாறு.

1. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, மைதானத்தின் நில அளவைப் படம். பல மைதானங்களின் எல்லையாக ஊரார் நம்பிக்கொண்டிருக்கும் வேலி, அளவைப் படத்திலுள்ள எல்லையோடு பொருந்துவதில்லை. தரிப்பிடத்துக்கென்று நீங்கள் ஒதுக்கும் துண்டு வீதி ஒதுக்கத்துக்குள் விழுமானால், பின்னாளில் வீதியை அகலிக்கும்போது அது முழுவதும் போய்விடும்.

இரண்டாவது, 30 மீற்றர் அளவு நாடா, முளைகள், நூல், சுண்ணாம்புத் தூள், மேசன்மார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் நீர்க்குழாய். நீர்க்குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பிழைக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் இரு முனைகளையும் அருகருகே பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அளக்க வேண்டும்.

மூன்றாவது, நேரான 120 சென்ரிமீற்றர் நீளப் பலகை ஒன்று. இதை ஒரு சிறு கருவியாக்கிக் கொள்ளலாம். பலகையின் தாழ்ந்த முனையின் கீழ் 10 சென்ரிமீற்றர் உயரக் கட்டையை வைத்துப் பலகை மட்டமாக நின்றால், அந்தச் சரிவு 1:12, அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு இறக்கம். கட்டை 6 சென்ரிமீற்றராக இருந்தால் 1:20. 2.4 சென்ரிமீற்றராக இருந்தால் 1:50. இம்மூன்று எண்களும் இந்த வேலை முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும். எனவே மூன்று கட்டைகளையும் வெட்டி, அவற்றின் மேல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. மாரியில் ஒரு நாள், போட்டி நடக்கும் ஒரு நாள்: இரு முறை நடந்து பார்த்தல்

திருகோணமலைக்குப் பெருமழையைக் கொண்டு வருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான காலத்தில், குறிப்பாக நவம்பரிலும் டிசம்பரிலும், மைதானம் தன் உண்மையான உருவத்தைக் காட்டும். கோடையில் வரைந்த வரைபடத்தில் மட்டமாகத் தெரிந்த மூலை டிசம்பரில் குளமாக நிற்கும். ஆகவே கனமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மைதானத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு இடத்தின் விளிம்பிலும் முளை அடியுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கும் இடங்களை வேறு நிற முளையால் குறியுங்கள். முதல் வகைக்குச் சரிவைத் திருத்தினால் போதும். இரண்டாவது வகைக்கு வடிகான் தேவை.

இரண்டாவது நடை, போட்டி நடக்கும் மாலையில். உதைபந்தாட்ட இறுதிப் போட்டியோ, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோ, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவோ எதுவானாலும் பரவாயில்லை. வாயிலருகே இருவர் நின்று, நடந்து வருவோர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, கார் அல்லது வான், பேருந்து என ஆறு பிரிவுகளாகக் கோடிட்டு எண்ண வேண்டும். இதைச் செய்யாத குழுக்கள் தரிப்பிடத்தைக் காருக்காகத் திட்டமிட்டுவிடுகின்றன. நம் ஊரில் மைதானத்துக்கு வருவோரில் மோட்டார் சைக்கிளில் வருவோரே மிகுதி என்பது எண்ணிப் பார்த்தால்தான் குழுவிலுள்ள அனைவருக்கும் உறைக்கும்.

அதே நாளில் புல்லில் விழுந்திருக்கும் ஒற்றையடிப்பாதைகளையும் வரைந்துகொள்ளுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள், பிள்ளைகள் வேலியின் எந்தப் பொத்தலுக்குள்ளால் நுழைகிறார்கள், தண்ணீர்க் குழாயடிக்கு ஆட்டக்காரர் எப்படிப் போகிறார்கள் என்பவையெல்லாம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கும். புதிய பாதையை அவற்றுக்கு மேலேயே அமைப்பதுதான் உத்தமம். அழகுக்காக வேறு இடத்தில் அமைத்தால், மக்கள் பழைய வழியிலேயே நடந்து, புதிய புல்லையும் மிதித்து அழிப்பார்கள்.

3. அனுமதிகள்

இது அலுப்பான பகுதியானாலும் ஒழுங்கில் இங்கேதான் வர வேண்டும். வரைபடம் முடிந்த பின் அனுமதி கேட்டால், மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

காணி யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி சபையிலும் எழுத்தில் பெறுங்கள். வாயில் எந்த வீதியில் திறக்கிறதோ, அந்த வீதி யாருக்குரியது என்பதையும் கேளுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்குரியவை. உள் வீதிகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. வீதியோர வடிகானின் மேல் மதகு அமைப்பதற்கும் இவர்களின் அனுமதியே வேண்டும்.

நம் மாவட்டத்தில் பலர் மறந்துவிடும் ஒன்று கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், உப்புவெளி, நிலாவெளி போன்ற இடங்களில் கடலருகேயுள்ள ஒரு மைதானத்தில் சுவர் எழுப்புவதற்கும் நிலத்தை நிரப்புவதற்கும் முன்னர் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் விசாரிப்பது கட்டாயம். பிரெடரிக் கோட்டைப் பக்கமாக இருந்தால் தொல்பொருள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டியிருக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகலை யாரும் சலுகையாகப் பேச வேண்டியதில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் ஆக்கப்பட்ட அணுகல் ஒழுங்குவிதிகள், பொது இடங்களில் அதனைச் சட்டக் கடமையாக்கியுள்ளன. மதிப்பீடு தயாரிக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இதனைத் தொடக்கத்திலேயே நினைவூட்டினால், சாய்தளம் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பட்டியலுக்குள் போகாது.

உள்ளூராட்சி சபை நிதியை எதிர்பார்ப்பதாயின், அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறிவிடும் என்பதை மனதிற்கொண்டு, அதற்குப் பல வாரங்கள் முன்னரே மதிப்பீட்டோடு கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

4. தண்ணீர் போகும் வழி

தரிப்பிடத்தையும் பாதையையும் வரைவதற்கு முன், தண்ணீர் மைதானத்தை விட்டு வெளியேறும் இடத்தைத் தீர்மானியுங்கள். வெளியேறும் வாயின் மட்டம் தெரியாமல் உள்ளே எந்தச் சரிவையும் கணிக்க முடியாது. வீதி வடிகானின் அடிமட்டம் மைதானத்தின் தாழ்ந்த மூலையை விட உயரமாக இருப்பது இங்கே சாதாரணம். காரணம், வீதியை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அது சற்று உயர்கிறது, மைதானமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்படி இருந்தால் தாழ்ந்த மூலையைக் கிரவல் கொட்டி உயர்த்துவதா, வேறு திசையில் வெளியேற்றுவதா என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டும். உயர்த்தினால் அயல் வளவுக்குள் தண்ணீர் போகுமா என்பதைப் பார்க்காமல் ஒரு டிப்பர் மண்ணும் கொட்டக் கூடாது. அயலவர் பிரதேச சபையில் முறைப்பாடு செய்தால், நியாயம் அவர் பக்கமே இருக்கும்.

கரையோர மணல் நிலம் என்பதால் உறிஞ்சு குழி போதும் என்று சொல்வார்கள். கோடையில் அது உண்மை. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது, குழி முதலிலேயே நிரம்பியிருக்கும். டிசம்பரில் ஒரு மீற்றர் ஆழத்தில் சோதனைக் குழியொன்றை வெட்டி, மறுநாள் அதில் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வடிகானுக்கு மூடி போட வேண்டும். மூடியின் துளைகள் 12 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. நீளத் துளைகளாயின் நடக்கும் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும். நடக்கும் திசையிலேயே அமைந்தால் சக்கர நாற்காலியின் முன் சில்லும் ஊன்றுகோலும் அதற்குள் இறங்கிவிடும்.

5. வாகனத் தரிப்பிடம்

வாகனம் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் பெரும்பாலானோரின் நடை தொடங்குகிறது. அதனால் தரிப்பிடத்தின் இடத்தைத் தீர்மானித்த பின்னரே பாதையின் கோட்டை வரைய முடியும்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது, கோல் கம்பங்களுக்குப் பின்னாலுள்ள பகுதியை முதலில் விலக்குங்கள். கண்ணாடி உடைந்தால் யார் பணம் கொடுப்பது என்ற வாக்குவாதம் கழகங்களுக்கிடையே ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். விளையாடும் இடத்துக்கும் மலசலகூடத்துக்கும் நடுவே அமைப்பதும் பிழை. பிள்ளைகள் பின்னோக்கி எடுக்கப்படும் வாகனங்களுக்கிடையே ஓடுவார்கள். வீதியோரமாக, வாயிலுக்கு அண்மையாக, மைதானத்தின் நீளப் பக்கத்தில் ஒரு பட்டையாக அமைப்பதே பெரும்பாலும் நன்றாக வருகிறது.

அளவுகளைப் பார்ப்போம். ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். இருபுறமும் செங்குத்தாகக் கார்கள் நிற்க, நடுவே 6 மீற்றர் ஓடுவழி தேவை. எனவே பட்டையின் மொத்த அகலம் 15.6 மீற்றர். பக்கத்துக்குப் பத்தாக இருபது கார்கள் நிற்க 24 மீற்றர் நீளம் வேண்டுமென்றால், அது ஏறத்தாழ 15 பேர்ச் காணி. அந்த இடம் இல்லையென்றால் கார்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஓடுவழியைக் குறைக்காதீர்கள். ஓடுவழி ஒடுங்கினால் ஒரு கார் வெளியே வர நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டும், அந்த நேரத்தில்தான் விபத்து நடக்கிறது.

ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அவற்றுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி, அதனை வாயிலுக்கு மிக அண்மையில் வையுங்கள். தூரத்தில் வைத்தால் யாரும் அங்கே போக மாட்டார்கள், பாதையிலேயே நிறுத்துவார்கள். எங்கள் வேலையொன்றில் அந்தப் பகுதிக்கு வெறும் மணலே போதுமென்று விட்டுவிட்டோம். முதல் போட்டி நாளில் ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கத்தாங்கி மெல்ல மெல்ல மணலுக்குள் புதைந்து, அது சரிந்து பக்கத்திலிருந்ததைத் தள்ள, வரிசை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் அந்தச் சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. முடிந்து வந்து பார்த்தபோது முறிந்த பிரேக் நெம்புகளும், கண்ணாடித் துண்டுகளும், பெற்றோல் மணமும்தான். இதற்குத் தீர்வு மலிவானது: தாங்கி ஊன்றும் கோட்டில் 60 சென்ரிமீற்றர் அகலக் கொங்கிரீட் பட்டை ஒன்று. மற்ற இடம் கிரவலாகவே இருக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளின் காருக்கு 3.6 மீற்றர் அகலம் வேண்டும். அந்த மேலதிக 1.2 மீற்றர், கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியை அருகே கொண்டுவருவதற்கானது. அந்த இடம் எந்தத் திசையிலும் 1:50 ஐ விடச் சரிவாக இருக்கக் கூடாது. சரிவாக இருந்தால் ஆள் ஏறும்போது நாற்காலி நகர்ந்துவிடும். கிரவலும் கூடாது, கொங்கிரீட்டோ இறுகப் பதித்த கல்லோ வேண்டும்.

ஆனால் நம் ஊரில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரில் பலர் முச்சக்கரவண்டியிலேயே வருகிறார்கள், நாற்காலி மடித்துப் பின்னால் வைக்கப்பட்டிருக்கும். புத்தகத்து அளவுப்படி கார் தரிப்பிடத்தை மட்டும் அமைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தால் அவர்களுக்குப் பயனில்லை. முச்சக்கரவண்டியிலிருந்து பெரும்பாலும் இடப்பக்கமாகவே இறங்குவர். எனவே பாதை இடப்பக்கம் வரும்படி ஓர் இறக்குமிடத்தை, பாதையின் மட்டத்திலேயே, குறைந்தது 1.5 மீற்றர் அகலத் தட்டையான தரையோடு அமையுங்கள். அங்கே வண்டிகள் தரித்து நிற்கக் கூடாது, இறக்கிவிட்டு நகர வேண்டும்.

பேருந்துகளை உள்ளே கொண்டுவர முயலாதீர்கள். திரும்புவதற்கு அவை விழுங்கும் இடத்தில் ஒரு வலைப்பந்துத் திடலே அமைத்துவிடலாம். சிவராத்திரி போன்ற நாட்களில் வெளியூர்ப் பேருந்துகளுக்கு மைதானத்தைத் தருமாறு கேட்கப்படுவதுண்டு. கொடுப்பதாயின் எந்தப் பகுதி, எவ்வளவு நேரம், மழை பெய்தால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் ஒரு பேருந்து பதிக்கும் தடம் அந்தப் பருவம் முழுவதும் ஆட்டக்காரரின் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

தரிப்பிடத்தோடு பாதை ஒட்டியிருந்தால் சக்கரத்தடை வையுங்கள். சக்கரம் நின்ற பின்னும் காரின் முன்பகுதி 60 முதல் 75 சென்ரிமீற்றர் வரை முன்னே நீண்டிருக்கும் என்பதால், தடையைப் பாதையின் விளிம்பிலேயே வைத்தால் பாதையின் அகலம் அந்த அளவுக்குப் போய்விடும்.

6. வாயில்

வாகன வாயிலும் நடப்போர் வாயிலும் வேறாக இருக்க வேண்டும். ஒரே வாயிலாக இருந்தால், கூட்டம் கலையும் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் பிள்ளைகளின் நடுவே ஒலியெழுப்பிக்கொண்டு போகும்.

வாகன வாயிலை வீதி விளிம்பிலிருந்து 6 மீற்றர் உள்ளே தள்ளி அமையுங்கள். படலையைத் திறக்க இறங்கும்போது வாகனம் வீதியில் நிற்காமலிருக்க இது உதவும். படலை உட்பக்கமாகவே திறக்க வேண்டும். திறந்த அகலம் குறைந்தது 3.5 மீற்றர் இருந்தால்தான் அம்புலன்ஸ் தயங்காமல் நுழையும். வாயிலிலிருந்து ஆடுகளத்தின் விளிம்பு வரை அந்த அகலத்தில் ஒரு வழி எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். அதன் மேல் மஞ்சள் கோடு போட்டால் மட்டும் போதாது. போட்டி நாளில் ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

நடப்போர் வாயிலில்தான் பெரிய இழுபறி. கட்டாக்காலி மாடுகளைத் தடுக்க வளைந்து நுழையும் கம்பிக் கடவையை வைப்பார்கள், அதில் சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் போகாது. தரையில் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்தாலும் இதே கதைதான். தானாக மூடிக்கொள்ளும் 1 மீற்றர் அகலச் சிறு படலையே பொருத்தமானது. அதன் கொக்கி, சக்கர நாற்காலியில் இருந்தபடி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வாகனத்தைத் தடுக்கத் தூண்கள் நடுவதாயின், இடைவெளி 90 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. முச்சக்கரவண்டியின் அகலம் 1.3 மீற்றர் என்பதால் அது நுழையாது. மோட்டார் சைக்கிள் நுழையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுக்கும் இடைவெளி எதுவோ, அது சக்கர நாற்காலியையும் தடுக்கும். மோட்டார் சைக்கிளை நிறுத்தத் தூணால் முடியாது, கழகத்தின் கண்டிப்பால்தான் முடியும்.

7. பாதையின் கோடும் அகலமும் சரிவும்

இப்போது தரிப்பிடம், இறக்குமிடம், வாயில், ஒற்றையடிப்பாதைகள் ஆகியவற்றை ஒரே தாளில் வைத்து இணைத்தால், பிரதான பாதை தானாகவே தெரியும். அதைச் சுண்ணாம்புத் தூளால் தரையில் வரைந்து, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். மக்கள் கோட்டைத் தாண்டிக் குறுக்கே நடக்கும் மூலைகளை வளைவாக்குங்கள். செங்கோண மூலையை எவரும் சுற்றி நடப்பதில்லை.

பிரதான பாதை 1.8 மீற்றர் அகலம். இரு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க இது தேவை. கிளைப்பாதை 1.2 மீற்றராக இருக்கலாம், இடையிடையே 1.8 மீற்றருக்கு அகன்ற இடங்கள் வேண்டும். திரும்பும் இடங்களில் 1.5 மீற்றர் விட்டமுள்ள வட்டம் அடங்க வேண்டும்.

நீளச் சரிவை முடிந்தவரை 1:20 க்குள் வையுங்கள். அதைவிடச் செங்குத்தானால் அது சாய்தளமாகிவிடும், கைப்பிடியும், இடையில் நின்று இளைப்பாறத் தட்டையான தரிப்புத் தட்டும் தேவைப்படும். உதாரணமாக, 60 சென்ரிமீற்றர் உயர வேறுபாட்டுக்கு 1:20 என்றால் 12 மீற்றர், 1:12 என்றால் 7.2 மீற்றர். இடம் இருக்கும்போது 12 மீற்றரையே எடுங்கள். கைப்பிடிக்கான இரும்பு, அதற்குப் பூசும் பெயின்ற், கடல் உப்பால் வரும் துரு எல்லாம் மிச்சம். இடமில்லாமல் 1:12 எடுத்தால், மேலும் கீழும் 1.5 மீற்றர் தட்டையான தரையும், நீண்ட சாய்தளமாயின் 9 மீற்றருக்கு ஒன்றாகத் தட்டும், இருபுறமும் கைப்பிடியும் அவசியம்.

உவர்மலைப் பக்கம் போன்ற ஏற்றமான இடத்தில் ஒரு சாய்தளத்தை அளந்து சரியென்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஓர் ஐயாவை வரவழைத்து ஏறிப் பார்க்கச் சொன்னோம். ஏறினார். இறங்கும்போது பாதி வழியில் நின்று, “தம்பி, ஏறுறது பிரச்சினை இல்லை. இறங்கேக்கதான் பயமாக் கிடக்கு, கீழ நேரா றோட்டெல்லோ” என்றார். சாய்தளத்தின் அடியில் தட்டையான இடம் வைக்காமல் நேராக வாகன ஓடுவழிக்குள் இறக்கியிருந்தோம். வரைபடத்தில் அது எங்கள் எவருடைய கண்ணிலும் படவில்லை.

குறுக்குச் சரிவு 1:50. தண்ணீர் வழிய அது போதும். அதைவிட அதிகமானால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், தள்ளுபவருக்கு ஒரு கை மட்டும் வலிக்கும்.

8. மேற்பரப்பு

பிரதான பாதைக்குக் கொங்கிரீட் அல்லது இன்ரலொக் கல், தரிப்பிடத்துக்கு இறுக்கிய கிரவல் என்பது என் பரிந்துரை. கொங்கிரீட் மலிவு, உறுதி. இன்ரலொக் கல்லைப் பிற்காலத்தில் குழாய் பதிக்கக் கிளப்பித் திரும்ப வைக்கலாம். எங்கள் ஊர்களில் பாதை போட்ட மறு ஆண்டே குடிநீர்க் குழாய்க்காக யாராவது தோண்ட வருவதால், இது சிறிய நன்மையல்ல.

எந்த மேற்பரப்பானாலும் அடித்தளமே ஆயுளைத் தீர்மானிக்கும். மேல் மண்ணை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை அகற்றி, வேரை எடுத்து, மணலாயின் நன்கு நனைத்து இறுக்குங்கள். அதன்மேல் 10 சென்ரிமீற்றர் ஏ.பி.சி. உடைகல் கலவையைப் பரப்பி மறுபடியும் இறுக்குங்கள். ஒரே தடவையில் தடிப்பாகக் கொட்டி உருளையை ஓட்டினால் மேற்பகுதி மட்டுமே இறுகும், அடிப்பகுதி முதல் மாரியில் அமிழும். கல் பதிப்பதாயின் 3 சென்ரிமீற்றர் மணல் படுக்கை, நடைபாதைக்கு 60 மில்லிமீற்றர் கல், வாகனம் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் கல். ஓரக்கல்லைச் சீமெந்தில் நிறுத்திய பின்னரே உள்ளே கல் பதிக்க வேண்டும். ஓரம் பிடிக்காத பாதை ஒரே ஆண்டில் பக்கவாட்டில் விரிந்து, இடைவெளிகளில் புல் முளைக்கும்.

கொங்கிரீட்டாயின் 10 சென்ரிமீற்றர் தடிப்பு, பாதையின் அகலத்துக்கு ஏற்ப 2 முதல் 3 மீற்றருக்கு ஒரு இணைப்பு வெட்டு, மேற்பரப்பில் விளக்குமாற்றால் குறுக்குக் கோடு. வழுவழுப்பாகத் தேய்ப்பதில் நம் மேசன்மாருக்கு ஒரு பெருமை உண்டு. மழையில் அது சறுக்கும் என்பதை வேலை தொடங்குமுன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடல் மணலைக் கொங்கிரீட்டுக்கு அனுமதிக்காதீர்கள், அதிலுள்ள உப்பு கம்பியை அரிக்கும்.

கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் இந்த வேலை நடக்கும். அந்தச் சூட்டுக் காற்று கொங்கிரீட்டின் மேல் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், நண்பகலில் ஊற்றினால் மாலைக்குள் மயிர்க்கோடுகள் விழும். அதிகாலையில் ஊற்றி, இறுகத் தொடங்கியதும் ஈரச் சாக்கால் மூடி, ஏழு நாட்களுக்கு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூன்றாம் நாளோடு நிறுத்திவிடுவார். எனவே தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கழகத்திலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வது நல்லது.

9. பாதை முடியும் இடம்

பாதை முழுவதும் சரியாக இருந்து, கடைசி அடியில் தோற்பதுதான் நான் அதிகம் கண்ட பிழை. மலசலகூட வாசலில் ஒரு படி, தண்ணீர்க் குழாயடியைச் சுற்றிச் சேறு, பார்வையாளர் கொட்டகைக்கு முன் ஒரு கான். பாதைக்கான மதிப்பீடு வேறு, மலசலகூடத்துக்கான மதிப்பீடு வேறு என்பதால் இவ்வாறு நிகழ்கிறது. இரண்டு வேலைகளுக்கும் ஒரே தரை மட்டத்தை வரைபடத்தில் எழுதிவிடுங்கள். கதவின் தெளிவான திறப்பு 90 சென்ரிமீற்றர், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வாங்குகளுக்குப் பக்கத்தில் 90 க்கு 120 சென்ரிமீற்றர் அளவில் தட்டையான இடம் விட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் தன் வீட்டாரோடு சேர்ந்திருந்து ஆட்டம் பார்க்கலாம்.

10. நிழல், வெளிச்சம், மான்கள்

பாதையின் மேற்குப் பக்கத்தில் மரம் நட்டால் மாலை வெயிலுக்கு நிழல் கிடைக்கும். வேம்பு நல்லது. பாதை விளிம்பிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நடுங்கள், வேர் கல்லைக் கிளப்பாது. தரிப்பிடத்தில் தென்னை வேண்டாம்.

விளக்குகளை முதலில் வாயில், இறக்குமிடம், மலசலகூட வாசல் ஆகிய மூன்றுக்கும் வையுங்கள், மிஞ்சினால் பாதைக்கு. உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கம்பம் தாங்காது, நாகப்பூச்சிட்டதைக் கேளுங்கள்.

நகரில் சுற்றும் புள்ளிமான்கள் இரவில் மைதானத்துக்குள் வரும். முட்கம்பி அடிக்காதீர்கள். குப்பைத் தொட்டிகளுக்கு மூடி கட்டாயம், ஏனெனில் அவை உணவு மணமுள்ள பொலித்தீனைத் தின்றுவிடுகின்றன.

11. பொறுப்பேற்பதற்கு முன்

ஒப்பந்தக்காரருக்குக் கடைசிக் கொடுப்பனவு போகும் முன், மூன்று சோதனைகள். பலகையோடும் கட்டைகளோடும் பாதை முழுவதும் நடந்து, சரிவை ஐந்து மீற்றருக்கு ஒன்றாக அளந்து எழுதுங்கள். தண்ணீர்ப் பவுசர் ஒன்றை வரவழைத்துத் தரிப்பிடத்தின் உயர்ந்த மூலையில் திறந்துவிட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சக்கர நாற்காலியைத் தாமே தள்ளிப் பயன்படுத்தும் ஒருவரை, முச்சக்கரவண்டியில் வந்து இறங்குவதிலிருந்து மலசலகூடம் வரை எவருடைய உதவியுமின்றிப் போய்வருமாறு கேட்டு, அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரிப்பிடக் கோடுகளைச் சோதனைக்குப் பின்னரே பூசுங்கள். கிரவல் தரையில் பூச்சு நிற்காது என்பதால், அங்கே வெள்ளையடித்த கல்லையோ தரையோடு பதித்த கொங்கிரீட் குறிகளையோ பயன்படுத்த வேண்டும்.

திறப்பு விழா முடிந்ததும் பராமரிப்பு யாருடையது என்ற கேள்வி எழும். சபையும் கழகமும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும்: வடிகானைத் துப்புரவாக்குவது யார், கிரவல் குழிகளை நிரப்புவது யார், படலைச் சாவி யாரிடம். வடிகான் துப்புரவை ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் கடைசி வாரத்துக்கு வையுங்கள். ஒக்ரோபர் முதல் மழை வேப்பஞ் சருகையும் மணலையும் வாரிக்கொண்டு வந்து மூடியின் துளைகளை அடைக்கும் முன், மூடிகளைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.